நீரில் விழுந்த பட்டத்தை எழுப்பும் முறை

கடலில் விழுந்த பட்டம் நனைந்த துணியாகக் கிடந்துவிடும் என்பதே, பட்டம் இழுக்கப் பலகையில் நின்று நீரில் சறுக்கும் கைட் சர்ஃபிங் விளையாட்டு வளர நெடுங்காலம் தடையாக இருந்தது. பிரான்சைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் லெகேன்யூ சகோதரர்கள், முன்விளிம்பில் காற்றடைத்த குழாய் கொண்ட பட்டத்துக்கு 1984-இல் காப்புரிமை கோரி, 1997-இல் விபிக்கா என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகே, நீரிலிருந்தபடியே பட்டத்தை எழுப்புவது பலருக்கும் கைகூடியது. இன்றும் அந்தக் குழாயே மிதவை.

பட்டம் விழுந்ததும், கயிறுகள் சிக்கியிருக்கின்றனவா, உங்கள் உடலைச் சுற்றியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். சிக்கியிருந்தால் எழுப்ப முயலவே கூடாது. சிக்கல் இல்லையெனில், கைப்பிடிக் கம்பியை உடலிலிருந்து தள்ளிவைத்து, கம்பியின் கடற்பக்க முனையில் கட்டிய பின்கயிற்றை மட்டும் மெதுவாக இழுத்துப் பிடித்திருங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம். அது விரலையே துண்டித்துவிடக்கூடும்.

பட்டம் மெல்லப் பக்கவாட்டில் நகரும். ஒரு நுனி நீரைவிட்டு எழ, துணியிலிருந்து நீர் வடிவது தெரியும். பொறுமை மிக வேண்டிய கட்டம் இதுதான், ஏனெனில் காற்று நேராக வீசும் நடுப்பகுதியிலிருந்தே பட்டம் எழுந்தால் ஆளையே வாரி இழுத்துச் செல்லும். அது அந்த நடுப்பகுதியை விட்டு, உங்களுக்குப் பக்கவாட்டில் இழுவிசை குறைந்த ஓரத்தை அடைந்து முழுவதும் எழுந்தபின், கயிற்றைத் தளர்த்தி, அந்த ஓரமாகவே மேலேற்றுங்கள்.