ஸ்பின் சங்கிலியின் அடிநிலையில் பின்னல் என்ட்ரோபியைக் கணக்கிடும் முறை

ஒரு குவாண்டம் அமைப்பின் இரு பகுதிகள் ஒன்றோடொன்று எவ்வளவு பின்னியுள்ளன என்பதன் அளவே பின்னல் என்ட்ரோபி. குறுக்குக் காந்தப்புலத்தில் 16 ஸ்பின்கள் வட்டமாக இணைந்த ஐசிங் சங்கிலியை (அடுத்தடுத்த ஸ்பின்கள் மட்டும் ஒன்றையொன்று பாதிக்கும் மாதிரியை) எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய அணிகளின் மிகக் குறைந்த ஐகன் மதிப்பைப் படிப்படியாகக் காணும் லான்சோஸ் முறையில் அதன் அடிநிலையை, அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலையை, கண்டால் 65,536 எண்கள் கொண்ட திசையன் கிடைக்கும். முதல் 8 ஸ்பின்களின் நிலைகள் நிரைகளாகவும் எஞ்சிய 8 ஸ்பின்களின் நிலைகள் நிரல்களாகவும் அமையும்படி அதை 256-க்கு 256 அணியாக மாற்றி, அவ்வணியின் சிங்குலர் மதிப்புகளை (SVD என்னும் அணிப் பிரிப்பில் கிடைக்கும் எண்களை) கண்டு, ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்துங்கள். வர்க்கங்களின் கூடுதல் 1 ஆக வராவிட்டால் முந்தைய படியில் எங்கோ பிழை இருக்கிறது. ஒவ்வொரு வர்க்கத்தையும் அதன் இயல் மடக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டிக் குறியை மாற்றினால் அதுவே என்ட்ரோபி. சுழி மதிப்புகளை முன்னரே விலக்கிவிட வேண்டும்.

கணினி நிரலைச் சோதிக்க இரண்டு ஸ்பின்களின் சிங்லெட் நிலையே (மொத்த ஸ்பின் சுழியாகும்படி இரண்டும் முழுமையாகப் பின்னிய நிலையே) போதும்: விடை 0.693, அதாவது 2-இன் இயல் மடக்கை.

அடிநிலைக்கும் அடுத்த ஆற்றல் மட்டத்துக்கும் இடையே ஆற்றல் இடைவெளி உள்ள நிலையில், சங்கிலியை எவ்வளவு நீட்டினாலும் அரைச்சங்கிலியின் என்ட்ரோபி ஓர் எல்லையில் நின்றுவிடும். பாலி அணிகளால் (ஸ்பினைக் குறிக்கும் 2-க்கு 2 அணிகளால்) எழுதிய ஹாமில்டோனியனில், அதாவது ஆற்றலைக் குறிக்கும் செயலியில், புலமும் இணைப்பு வலிமையும் சமமாகி இடைவெளி மறையும் மாறுநிலைப் புள்ளியிலோ, நீளம் இரட்டிக்கும்போதெல்லாம் அது ஏறத்தாழ 0.116 கூடும். புலம் மிகவும் வலுவிழந்த பக்கத்தில் 0.693-ஐ ஒட்டிய மதிப்பு வந்தால் குழம்ப வேண்டாம். மேல்நோக்கிய, கீழ்நோக்கிய காந்தநிலைகள் இரண்டும் சமமாகக் கலந்த அடிநிலையே உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.