கொரியத் தாமரை விளக்கு: தொடக்கநிலையினருக்கான செய்முறை

சந்திர நாட்காட்டியின் நான்காம் மாதம் எட்டாம் நாள் கொரியாவில் புத்தர் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. அதையொட்டி, சியோல் நகரின் ஜோக்யேசா கோயில் முற்றம் முழுவதும் தாள் விளக்குகள் வரிசை வரிசையாகத் தொங்கும். 866-ஆம் ஆண்டிலேயே பண்டைய கொரிய அரசான சில்லாவின் மன்னர் கியோங்முன் கோயிலுக்குச் சென்று விளக்குகளைக் கண்டதாகப் பழைய வரலாற்று ஏடு குறிப்பிடுகிறது. யோன்தியுங்ஹ்வே எனப்படும் இந்த விளக்குத் திருவிழா 2020-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அவ்விழாவுக்கே உரிய தாமரை விளக்கை வீட்டில் செய்யும் எளிய முறையை இங்கே காணலாம்.

முதலில் கூடு. வளைக்க எளிதான கம்பியில் 20 செ.மீ. விட்டமுள்ள ஒரு வளையமும் 12 செ.மீ. விட்டமுள்ள இரண்டு வளையங்களும் செய்துகொள்ளுங்கள். பெரியதை நடுவிலும் சிறியவற்றை மேலும் கீழும் வைத்து, சற்றே வெளிப்புறம் வளைந்த எட்டுக் கம்பிகளைச் சம இடைவெளியில் நிறுத்தி, சந்திப்புகளை மெல்லிய கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். முற்காலத்தில் மூங்கிலும் மரமும் பயன்பட்டன. இப்போது பெரும்பாலும் கம்பிதான்.

அடுத்தது தாள். காகித மல்பெரி மரப்பட்டையின் நாரிலிருந்து செய்யப்படும் ஹான்ஜி என்னும் தாளே மரபானது. நார் நீளமானது என்பதால், மெல்லியதாக இருந்தும் அது எளிதில் கிழியாது. ஒளியையும் மென்மையாகப் பரவவிடும். கிடைக்காவிட்டால் பட்டம் செய்யும் வெள்ளைத் தாள் போதும். கம்பிகளின் மேல் மட்டும் மைதாப் பசையைத் தடவி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு துண்டாக ஒட்டி, முழுவதும் காயவிடுங்கள். மேல் வாயையும் அடி வாயையும் மூட வேண்டாம்.

விளக்கின் அழகு இதழ்களில்தான் இருக்கிறது. எனவே இந்தப் படியில் அவசரம் கூடாது. இளஞ்சிவப்புக் கிரேப் தாளில் (சுருக்கங்கள் கொண்ட மெல்லிய தாள்) 5 செ.மீ. அகலமும் 10 செ.மீ. நீளமும் கொண்ட 40 துண்டுகளையும், பச்சையில் எட்டுத் துண்டுகளையும் வெட்டுங்கள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் துளிப் பசையைத் தொட்டுக்கொண்டு, துண்டின் ஒரு முனையைக் குவித்து, ஒரே திசையில் திரியைப் போல் முறுக்குங்கள். பசை மிகுந்தால் தாள் நைந்துவிடும்; குறைந்தால் முறுக்கு அவிழ்ந்துவிடும். பிறகு நடுப்பகுதியைப் பெருவிரலால் மெல்ல அழுத்தினால் இதழ் குழிந்து நிற்கும். சாயம் விரல்களில் ஒட்டத்தான் செய்யும். திருவிழாக் காலத்தில் கொரியக் கோயில்களில் இதழ் முறுக்குவோரின் விரல்களும் சிவந்தே இருக்கும்.

ஒட்டும்போது மேலிருந்து தொடங்குங்கள். முறுக்கிய நுனி மேல்நோக்கியிருக்க, மேல் வளையத்தைச் சுற்றி எட்டு இதழ்களின் அடிப்பகுதியை மட்டும் ஒட்டுங்கள். அதற்குக் கீழே இரண்டு வரிசைகளில் பதினாறு பதினாறாக ஒட்டும்போது, ஒவ்வோர் இதழும் மேல்வரிசையின் இரண்டு இதழ்களுக்கு நடுவே அமைந்து, அவற்றின் ஒட்டுத் தடத்தை மறைக்க வேண்டும். நேருக்கு நேராக ஒட்டினால் இடைவெளிகளில் வெள்ளைத் தாள் தெரியும். பூ வடிவம் கிடைக்காது. கடைசியாக அடி வளையத்தைச் சுற்றிப் பச்சை இலைகளை ஒட்டுங்கள்.

மேல் வளையத்தில் சம தொலைவில் மூன்று நூல்களைக் கட்டி ஒன்றாக முடிச்சிட்டால் விளக்கு சாயாமல் தொங்கும். முன்பு உள்ளே மெழுகுவர்த்தி எரிந்தது. தாள் கூட்டுக்குச் சிறிய எல்இடி விளக்கே பாதுகாப்பானது. விரும்பினால் அடியில் ஒரு தாள் சீட்டைத் தொங்கவிட்டு, யாருக்காக வேண்டுகிறீர்களோ அவர் பெயரை எழுதலாம். மறைந்தவர்களுக்கென்றால், அங்குள்ள வழக்கப்படி இதழ்களையும் வெள்ளைத் தாளிலேயே வெட்டுங்கள்.