படத்துக்குக் கீழே யார் பெயர்?

தலவாக்கலைப் பக்கம் ஒரு மடுவத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கக் காத்து நின்ற பெண்களைப் படம் எடுத்தேன். பின்னேர மழை. கமரா நனையக் கூடாதென்று ஓர் அக்கா தன் இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துக் கொடுத்தார். யாரும் பயன்படுத்தலாம், என் பெயரைச் சொன்னால் போதும் என்று அந்தப் படத்தை, திறந்த படங்களைச் சேர்த்து வைக்கும் தளமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினேன். பிறகு ஒரு முகநூல் பக்கத்தில் அதே படத்தைக் கண்டேன். கீழே ‘நன்றி: கூகுள்’.

கூகுள் தேடித்தான் தரும். எடுத்தவர் வேறு ஆள். அந்த ஆளின் பெயரைப் போடப் பழகுவோம்.

முதல் வேலை, படத்தின் சொந்தப் பக்கத்தைத் திறப்பது. தேடலில் வரும் சின்னப் படத்தை அப்படியே சேமிக்க வேண்டாம். அதை அழுத்தி, ஏற்றிய இடம் வரை போங்கள். எடுத்தவர் பெயரும் உரிமமும் அங்கேதான் இருக்கும். உரிமம் எதுவும் எழுதியில்லாவிட்டால் அது திறந்த படம் அல்ல, கேட்காமல் எடுக்காதீர்கள்.

அடுத்து உரிமத்தை வாசியுங்கள். தன் படைப்பை மற்றவர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் கிரியேட்டிவ் கொமன்ஸ் (சுருக்கமாக ‘சிசி’) உரிமங்கள் 2002இலிருந்து இருக்கின்றன. இப்போது அதிகம் காண்பது 2013இல் வந்த 4.0 பதிப்பு. ‘பிஒய்’ என்றால் பெயர் சொல்ல வேண்டும். ‘எஸ்ஏ’ என்றால், படத்தை மாற்றி வெளியிடும்போது அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். ‘என்டி’ இருந்தால் மாற்றியதை வெளியிடவே கூடாது. ‘என்சி’ வணிகத்துக்கு ஆகாது: எல்லவில் அறை வாடகைக்கு விடுகிறவர் தன் விளம்பரத்தில் அதைப் போட முடியாது. ‘சிசி0’ என்றால் எடுத்தவர் தன் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார், அந்தப் படத்துக்குப் பெயர் கட்டாயமில்லை. நான் அதற்கும் போடுவேன்.

இனி எழுதும் விதம். தலைப்பு, எடுத்தவர், படம் உங்களுக்குக் கிடைத்த தளம், உரிமம் ஆகிய நான்கும் வர வேண்டும். தெமோதரைப் பாலத்தைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று வையுங்கள்:

‘ஒன்பது வளைவுப் பாலம்’, படம்: (எடுத்தவர் பெயர்), விக்கிமீடியா பொதுவகம், சிசி பிஒய்-எஸ்ஏ 4.0. ஓரம் வெட்டப்பட்டது.

தலைப்பில் படத்தின் பக்கத்துக்கும், உரிமத்தின் பெயரில் உரிமப் பக்கத்துக்கும் இணைப்புக் கொடுங்கள். எடுத்தவர் புனைபெயர் வைத்திருந்தால் அதையே எழுதுங்கள். ‘ஓரம் வெட்டப்பட்டது’ என்ற கடைசி இரண்டு சொற்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெட்டினாலும் நிறம் மாற்றினாலும் மேலே எழுத்துப் போட்டாலும் சொல்லியாக வேண்டும். இவ்வளவும் படத்தை ஒட்டியே இருக்கட்டும்.

உரிமம் படம் எடுத்தவர் தருவது. படத்தில் இருப்பவர் தந்ததல்ல. கொழுந்து பறிக்கும் ஒருவரின் முகத்தை விளம்பரத்தில் போட அவரிடமும் கேட்க வேண்டும்.

பழைய பதிவுகளில் பெயர் விட்டுப்போயிருந்தால் இன்றைக்கே சேர்த்துவிடுங்கள். உரிமத்தின் நிபந்தனையை மீறினால் படத்தைப் பயன்படுத்தும் உரிமை போய்விடும். 4.0 உரிமத்தில், மீறல் தெரியவந்து 30 நாட்களுக்குள் திருத்தினால் இழந்த உரிமை திரும்பக் கிடைக்கும். என் படத்தைப் போட்டவர்களுக்கு இதைத்தான் எழுதினேன். அன்றிரவே என் பெயரைச் சேர்த்தார்கள்.