சர்ஜன் தாத்தாவின் கதையை எழுதி வைப்பது எப்படி

வீட்டில் தொண்ணூறைத் தொட்ட சர்ஜன் ஒருவர் இருந்தால், "இவர் கதையை யாராவது எழுதணும்" என்ற பேச்சு ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் வரும், பாயசத்தோடு மறந்தும் போகும். என் அம்மாவின் பெரியப்பா, எங்களுக்குப் பெரிய தாத்தா, அப்படி ஒருவர். அவர் கதையை எழுத இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டேன், அதில் முதல் வருஷம் முழுக்கத் தப்பாகத்தான் செய்தேன். நீங்கள் அந்த ஒரு வருஷத்தை மிச்சம் பிடிக்கலாம்.

பட்டத்தில் ஆரம்பிக்காதீர்கள். எம்.பி.பி.எஸ். எந்த வருஷம், எம்.எஸ். எங்கே, எந்தெந்த ஊர் மாற்றல் என்று கேட்டால் பயோடேட்டாதான் கிடைக்கும், அது ஏற்கெனவே அவர் மேஜை டிராயரில் இருக்கிறது. இந்தக் கை எங்கே பழகியது, அதற்கு யார் காசு கொடுத்தது, இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு போனால் குடும்பக் கதை தானாக வந்துவிடும்.

ஏன் சொல்கிறேன் என்றால், மைக்கேல் டிபேக்கி என்ற அமெரிக்க இதய சர்ஜனைப் பாருங்கள். 1908-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் லேக் சார்ல்ஸ் என்ற ஊரில் பிறந்தவர், பெற்றோர் லெபனானிலிருந்து குடியேறியவர்கள், தபாகி என்ற வீட்டுப் பெயர்தான் அங்கே டிபேக்கி ஆனது. அம்மா தையலில் கெட்டிக்காரர், அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பார், பையனும் உட்கார்ந்து கற்றுக்கொண்டான். பிறகு 1950-களில் ஹூஸ்டனில் சர்ஜனாக இருந்தபோது, பழுதான ரத்தக் குழாய்க்குப் பதில் வைக்க ஒரு குழாய் வேண்டியிருந்தது. கடைக்குப் போய் நைலான் துணி கேட்டார், இல்லை என்றார்கள், டாக்ரான் என்ற புதுத் துணி இருந்தது, அதை வாங்கி வந்து வீட்டில் மனைவியின் தையல் மிஷினில் தானே குழாயாகத் தைத்தார். ரத்தக் குழாய் அறுவை சிகிச்சையின் போக்கையே மாற்றிய விஷயம் அது. அம்மாவின் தையலை முன்னுரையில் ஒரு வரியாகத் தள்ளிவிட்டால் அந்தக் குழாய் எங்கிருந்து வந்தது என்றே புரியாது.

ஆனால் எல்லா வீட்டிலும் தையல் மிஷின் இருக்காது, வலிந்து தேடவும் வேண்டாம். எங்கள் தாத்தாவிடம் கேட்டபோது "அதெல்லாம் ஒண்ணுமில்லடா, ஸ்காலர்ஷிப் கிடைச்சது, படிச்சேன், வந்தேன்" என்று முடித்துவிட்டார். எழுதிக்கொண்டேன். எட்டு மாதம் கழித்து மதுரையில் அவருடைய அக்கா மகளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஸ்காலர்ஷிப் பணம் ஹாஸ்டலுக்கே பத்தவில்லை, அக்காவின் தங்க வளையல் இரண்டு அடகுக்குப் போயிருக்கிறது, திரும்பி வரவேயில்லை. அதனால் இப்போது யார் என்னிடம் யோசனை கேட்டாலும் நான் முதலில் சொல்வது, யார் நகை போனது என்று கேளுங்கள். அவரிடம் இல்லை, சுற்றியிருக்கும் பெண்களிடம்.

தேதி விஷயத்துக்கு வருவோம், இதில் நிறைய பேர் வழுக்குவார்கள். அந்தத் தலைமுறையில் சர்டிபிகேட்டில் இருக்கும் பிறந்த தேதி பல பேருக்கு ஸ்கூலில் சேர்ப்பதற்காகச் சொன்ன தேதி. ஜாதகம் இருந்தால் அதை எடுங்கள். எங்கள் தாத்தா சர்டிபிகேட்டில் 1929 ஜூன், ஜாதகத்தில் பிரமோதூத வருஷம் ஐப்பசி, அதாவது 1930 அக்டோபர் நவம்பர் வாக்கில். ஒரு வருஷத்துக்கு மேல் முன்கூட்டியே ரிட்டயர் ஆகிவிட்டார் மனுஷர்! ஒன்று கவனம், தமிழ் வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும், கொள்ளுத்தாத்தா ஜாதகத்திலும் பிரமோதூத என்று இருந்தால் அது 1870. அப்புறம், பழைய பெயர்ப் பலகையில் எல்.எம்.பி. என்று பார்த்தால் அதை எம்.பி.பி.எஸ். என்று மாற்றி எழுதிவிடாதீர்கள். அது மெடிக்கல் காலேஜ் பட்டம் இல்லை, மெடிக்கல் ஸ்கூல் படிப்பு. ராயபுரத்தில் இருந்த அப்படிப்பட்ட ஒரு ஸ்கூல்தான் பிறகு, 1938-ல், ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ் ஆனது.

ஆபரேஷன் தியேட்டரைப் பற்றிக் கேட்கும்போது "மறக்க முடியாத ஆபரேஷன் எது" என்று டிவி பேட்டி மாதிரிக் கேட்டால் பதிலும் டிவி பேட்டி மாதிரிதான் வரும். பொருளைக் கேளுங்கள். கையுறையைத் திரும்பத் திரும்பக் கழுவி, காற்றடைத்து ஓட்டை பார்த்து, பவுடர் போட்டு, நீராவியால் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் வைத்த காலம், யார் அதைச் செய்தது? கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்தது எந்த அடுப்பில்? மயக்கத்துக்குக் கம்பி முகமூடியில் கட்டுப்போடும் மெல்லிய துணி போட்டு ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டிருப்பார்கள், ஈதர் சட்டென்று தீப்பிடிக்கும், பெட்ரோமாக்ஸைப் பக்கத்தில் கொண்டுபோக முடியாது, அப்படியென்றால் நடுவில் கரண்ட் போனால்? இந்த ஒரு கேள்விக்குத் தாத்தா நாற்பது நிமிஷம் பேசினார். டார்ச் பிடித்த வார்டு பாயின் பெயர், அவர் கை நடுங்கியது, முடிந்ததும் இரண்டு பேரும் வெளியே வந்து குடித்த டீ, எல்லாம் வந்தது. 1990-ல் மும்பையில் டாக்டர் உத்வாடியா கேமரா வைத்துப் பித்தப்பையை எடுக்க ஆரம்பித்த பிறகு இவர்கள் தலைமுறைக்கு எப்படி இருந்தது என்றும் கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் கோபம் வரும், அதையும் எழுதுங்கள்.

தாத்தாவையே ஒரே சாட்சியாக வைக்கக் கூடாது. மறுபடி டிபேக்கிதான். 2005 கடைசி நாளில், 97 வயதில், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனி அவருக்கே கிழிந்தது. அதைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சைக்கு வழி போட்டவரே அவர்தான், ஆனால் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறகு சுயநினைவு தப்பியதும் செய்வதா வேண்டாமா என்று ஆஸ்பத்திரிக்குள் பெரிய வாக்குவாதம், மனைவி விடாப்பிடியாக நின்றார், 2006 பிப்ரவரியில் செய்தார்கள், பிழைத்து வேலைக்கும் திரும்பினார், 2008 ஜூலையில் நூறு வயதுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதுதான் இறந்தார். அவர் வாழ்க்கையின் அந்த முக்கியமான சில நாட்களை அவரால் சொல்லியிருக்கவே முடியாது, மனைவியும் கூட வேலை பார்த்த டாக்டர்களும்தான் சொல்ல முடியும். உங்கள் பாட்டி, பழைய தியேட்டர் சிஸ்டர், ஜீப் ஓட்டியவர், இவர்களையெல்லாம் தனித்தனியாகப் பாருங்கள். பாட்டியிடம் தாத்தா பக்கத்தில் இல்லாதபோது பேசுவது நல்லது.

சண்டைகளை விழுங்காதீர்கள். டிபேக்கியும் டென்டன் கூலி என்ற இன்னொரு இதய சர்ஜனும் 1969-ல் ஒரு செயற்கை இதய விவகாரத்தில் முறைத்துக்கொண்டு, சமாதானமானது 2007-ல். நம் வீடுகளில் அது பிரமோஷனாக இருக்கும், அல்லது பாகப்பிரிவினையாக. இரண்டு தரப்பையும் கேட்டு, யார் சொன்னது என்று போட்டு எழுதிவிடுங்கள், தீர்ப்பு உங்கள் வேலை இல்லை. நோயாளிகள் விஷயம் வேறு. பெயர், ஊர், அடையாளம் எதுவும் வேண்டாம், அவர் சொன்னாலும் எழுத வேண்டாம். ஆபரேஷன் மேஜையிலேயே இறந்துபோனவர்களைப் பற்றி முதல் சில சந்திப்புகளில் கேட்காதீர்கள். பெரும்பாலும் நீங்கள் ரெக்கார்டரை அணைத்துவிட்டு செருப்பு மாட்டும்போது அவரே ஆரம்பிப்பார். திரும்ப உட்காருங்கள், ஆனால் ரெக்கார்டரை ஆன் செய்யாதீர்கள்.

மற்ற சில்லறை விஷயங்கள். காலை டிபனுக்கு அப்புறம் முக்கால் மணி நேரம் போதும். எந்தக் காது கேட்கிறதோ அந்தப் பக்கம் உட்காருங்கள். போன் ஃப்ளைட் மோடில் இருக்கட்டும். போட்டோ பின்னால் பேனாவால் எழுதினால் மை முன்பக்கம் ஊறும், மெல்லிய பென்சில்தான்.

எழுதி முடித்ததும் பெரிய எழுத்தில் ஒரு பிரதி எடுத்து ஒரு சிவப்புப் பேனாவோடு அவர் கையில் கொடுத்துவிட்டு, கொஞ்ச நாள் அந்தப் பேச்சே எடுக்காமல் இருங்கள். எங்கள் தாத்தா மூன்று வாரம் வைத்திருந்தார். மொத்தம் நூற்றுப்பத்துப் பக்கத்தில் திருத்தியது ஐந்தாறு இடம்தான், அதிலும் பாதி மருந்துப் பெயர்களின் எழுத்துப்பிழை. ஸ்காலர்ஷிப் வரியைத் தொடவில்லை. அதற்குக் கீழே வளையல் "இரண்டு" என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு "நாலு" என்று போட்டிருந்தார்.