புல் சரியில்லாத கோல்ஃப் மைதானமா? முதலில் தரையைப் பாருங்கள்

பராமரிப்பு சுமாரான பொது மைதானத்தில் ஸ்கோர் எகிறுவதற்குப் பெரும்பாலும் ஸ்விங் காரணமில்லை. புல் மெத்தை மாதிரி இருக்கும் இடத்தில் அடிக்க வேண்டிய ஷாட்டை நாம் கட்டாந்தரையிலும் அடிக்கப் பார்க்கிறோம், அதுதான் காரணம். பந்துக்குப் பக்கத்தில் போனதும் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை யார்டு?" என்றுதான். இந்த மாதிரி மைதானங்களில் அதை இரண்டாவதாகக் கேளுங்கள். பந்து எதன் மேல் கிடக்கிறது, புல்லா, மொட்டை மண்ணா, பழைய டிவட் பள்ளமா (முன்பு அடித்தவரின் கிளப் புல்லைப் பெயர்த்த இடம்), அடியில் வேர் ஏதாவது ஓடுகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. எந்த ஷாட் சாத்தியம் என்பதை அந்தத் தரை சொல்லிவிடும், தூரத்தை அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை அடிக்கும் இடமான டீயிலிருந்தே ஆரம்பிக்கலாம். டீ மேடையின் முன்பகுதி, குறிப்பாக பார் 3 (மூன்று அடிகளில் முடிக்க வேண்டிய) குழிகளில், கொத்திப் போட்ட மாதிரி இருக்கும். எல்லோரும் மார்க்கர்களுக்கு (டீயின் முன் எல்லையைக் காட்டும் குறிகள்) நடுவில் முன்னால் போய் நின்று அடிப்பதால் வரும் சேதம் அது. ஆனால் விதிப்படி மார்க்கர்களுக்குப் பின்னால் இரண்டு கிளப் நீளம் வரை எங்கே வேண்டுமானாலும் பந்தை வைக்கலாம், உங்கள் கால்கள் அந்த எல்லைக்கு வெளியே இருந்தாலும் பரவாயில்லை. அதனால் சமமான இடம் கிடைக்கும் வரை பின்னால் போங்கள். டீ மேடையில் மட்டும் பந்துக்குப் பின்னால் இருக்கும் மண்ணை மிதித்துச் சமப்படுத்தவும், துருத்தி நிற்கும் புல்லைப் பிடுங்கவும் விதியே அனுமதிக்கிறது. அயர்ன் கிளப்பால் அடித்தாலும் பந்தை டீ குச்சி மேல் வைத்தே அடியுங்கள், நல்ல லை (பந்து கிடக்கும் நிலை) கையில் கிடைக்கும்போது அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. இன்னொன்று, மார்க்கர்கள் பல நேரம் ஃபேர்வேயை (குழிவரை குட்டையாக வெட்டிய புல் பாதை) பார்த்து இருக்காது, கோணலாக எங்கேயோ மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவற்றை நம்பி நிற்காமல் பந்துக்குப் பின்னால் நின்று நீங்களே கோடு எடுத்துக்கொள்ளுங்கள். கிரீனுக்கு (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) 150 யார்டு என்று காட்டும் கம்பமும் இப்படித்தான், பிடுங்கி நட்டவர் எங்கே நட்டாரோ தெரியாது. லேசர் கருவியோ ஜிபிஎஸ்ஸோ இருந்தால் அதை நம்புங்கள்.

ஃபேர்வேயின் நடுவே போய் விழுவதுதான் நல்லது என்று எல்லா இடத்திலும் சொல்ல முடியாது. வண்டிகள் குறுக்கே போகும் இடம், சரிவின் அடிவாரம், இவற்றில்தான் டிவட்கள் குவிந்து கிடக்கும், புல்லும் தேய்ந்திருக்கும். பக்கத்திலேயே மிதமான ரஃபில் (ஃபேர்வேக்கு வெளியே உயரமாக விட்ட புல்) பந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் அந்த லை எவ்வளவோ மேல். முதல் இரண்டு மூன்று குழிகளில் ஃபேர்வேயையும் ரஃபையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அன்றைக்கு எந்தப் பக்கம் அடிப்பது என்று முடிவு செய்யுங்கள். ரஃபிலிருந்து அடிக்கும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கிளப் முகத்துக்கும் பந்துக்கும் நடுவில் புல் சிக்கினால் சுழற்சி குறைந்து, பந்து நினைத்ததைவிடத் தூரம் ஓடும்.

கட்டாந்தரையில் பந்து கிடந்தால் பந்தைக் கொஞ்சம் பின்கால் பக்கம் வைத்து, உடம்பின் எடையை முன்காலில் போட்டு, கைகள் பந்துக்கு முன்னால் இருக்கும்படி நின்று, பந்தை முதலில் தொடுவதில் மட்டும் கவனம் வையுங்கள். முழு வேகம் வேண்டாம், வழக்கத்தைவிட ஒரு படி அதிகத் தூரம் போகும் கிளப்பை எடுத்து முக்கால் ஸ்விங் போதும். ஃபேர்வே உட் (தூரம் அடிக்கும் பெரிய தலைக் கிளப்) எடுக்கத் தோன்றும் தூரமாக இருந்தால் ஹைப்ரிட் (உட்டுக்கும் அயர்னுக்கும் இடைப்பட்ட கிளப்) எடுங்கள், அதன் அடிப்பாகம் குறுகல், தரையில் பட்டுத் துள்ளுவது குறைவு. டிவட் பள்ளத்தில் கிடந்தாலும் இதே முறைதான், பந்து தாழ்வாகப் பறந்து போய் விழுந்து ஓடும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு கிரீனுக்கு முன்னாலேயே இறக்குங்கள். வேரோ கல்லோ அடியில் இருந்தால் அடிக்கவே வேண்டாம். ஒரு பெனால்டி ஸ்ட்ரோக்கை ஏற்றுக்கொண்டு, குழிக்கு நெருங்காமல் இரண்டு கிளப் நீளத்துக்குள் பந்தை டிராப் செய்துகொள்ளலாம் (கையிலிருந்து கீழே விட்டு அங்கிருந்து ஆடுவது). மணிக்கட்டு போனால் பல மாதம் ஆடவே முடியாது, ஒரு ஸ்ட்ரோக்குக்காக அதைப் பணயம் வைப்பது எனக்குப் புரியவே இல்லை.

இப்போது கிரீனைச் சுற்றியுள்ள பகுதிக்கு வருவோம், அடிகள் அதிகமாகக் கரைவது இங்கேதான். மணலிலிருந்து பந்தை எடுக்கும் கிளப்பான சாண்ட் வெட்ஜைத் திருப்பி அதன் அடிப்பாகத்தைப் பாருங்கள். முன்விளிம்பைவிடப் பின்விளிம்பு தாழ்வாகத் தொங்கும், அந்தக் கோணத்தைத்தான் பவுன்ஸ் என்கிறோம், சாண்ட் வெட்ஜில் அது பொதுவாக 10 டிகிரிக்கு மேல் இருக்கும். மணலிலும் அடர்ந்த புல்லிலும் கிளப் புதைந்துபோகாமல் காப்பாற்றுவது அதுதான். இறுகிய மண்ணில் அதே கோணம் எதிரியாகிவிடுகிறது: பின்விளிம்பு முதலில் தரையில் மோதி, கிளப் மேலே துள்ளி, முன்விளிம்பு பந்தின் நடு வயிற்றில் இடித்து, பந்து கிரீனைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். முகத்தைத் திறந்து வைத்தால் பவுன்ஸ் இன்னும் கூடும், ஆக உயரமாகத் தூக்கிப் போடும் அந்த அழகான ஷாட்டை மொட்டைத் தரையில் மறந்துவிடுங்கள்.

அங்கே செய்ய வேண்டியது வேறு. 8 அயர்னோ 9 அயர்னோ எடுத்து, பந்துக்கு நெருக்கமாக நின்று, கைப்பிடியைக் கொஞ்சம் செங்குத்தாக நிமிர்த்துங்கள். கிளப்பின் குதிகால் (தலை தண்டோடு சேரும் பக்கம்) தரையிலிருந்து லேசாக எழும்பி, முனைப்பக்கம் மட்டும் தரையைத் தொட்டு நிற்கும். இப்போது தரையில் உரசும் பரப்பு மிகவும் குறைவு, பிசகினாலும் கிளப் மண்ணில் மாட்டிக்கொள்ளாது. மணிக்கட்டை மடக்காமல் புட்டர் (கிரீனில் பந்தை உருட்டும் கிளப்) ஆட்டுகிற மாதிரியே ஆட்டுங்கள். பந்து சின்னதாக எழும்பி, கரடுமுரடான ஓரத்தைத் தாண்டி, மீதியை உருண்டு போகும். வீட்டுக்குப் பக்கத்தில் எந்த மண் தரை இருந்தாலும் இதைப் பழகலாம். இதைவிடவும் பத்திரமான வழி ஒன்று உண்டு, நடுவில் இருக்கும் புல் குட்டையாகவும் காய்ந்தும் இருந்தால் நேராகப் புட்டரையே எடுத்துவிடுங்கள். சுமாரான புட் (உருட்டல்) கூட சுமாரான சிப்பைவிட (லேசாக எழுப்பி அடிக்கும் ஷாட்) குழிக்கு அருகில் நிற்கும்.

மணல் பள்ளமான பங்கரில் மணல் இருக்கிறதா என்பதே சந்தேகம். விதிப்படி கையாலோ கிளப்பாலோ மணலைத் தொட்டுப் பரிசோதிக்கக் கூடாது, பயிற்சி ஸ்விங்கிலும் மணலைத் தொடக் கூடாது. ஆனால் நிற்பதற்காகக் காலை ஊன்றலாம், பாதத்துக்குக் கீழே மணல் நகர்கிறதா, சிமெண்ட் மாதிரி இருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். இறுகிக் கிடந்தால் சாண்ட் வெட்ஜ் வேண்டாம், பிட்சிங் வெட்ஜை முகம் திறக்காமல் பிடித்து, பந்துக்கு மிக அருகில் மணலில் இறக்குங்கள், பந்து வேகமாக வெளியே வந்து ஓடும். முன்விளிம்பில் மேடே இல்லாத பங்கர் என்றால் புட்டரால் உருட்டிவிடலாம். 2019க்குப் பிறகு பங்கரில் கிடக்கும் இலை, குச்சி, கல் எல்லாவற்றையும் பந்து நகராமல் எடுத்துப் போடலாம், பலருக்கு இது இன்னும் தெரிவதில்லை. முன்னால் போனவர் விட்டுப்போன காலடித் தடத்துக்கு மட்டும் நிவாரணம் கிடையாது, அது எரிச்சலான விஷயம்தான்.

கிரீனில் வேகம்தான் முதல் பிரச்சினை. கிரீனின் வேகத்தை அளக்க 1935ல் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் உருவாக்கிய ஸ்டிம்ப்மீட்டரில் (அதிலிருந்து விடும் பந்து எத்தனை அடி உருள்கிறது என்பதே அளவு) பெரிய போட்டிகளின் கிரீன்கள் 12 அடிக்கு மேல் காட்டும், நாம் பேசும் கிரீன்கள் 7 அடியைத் தொட்டாலே பெரிது. மெதுவான கிரீனில் பந்து வளைவதும் குறைவு. ஆகவே பக்கவாட்டில் விடும் இடத்தைக் குறைத்து, புட்டரைப் பின்னால் கொஞ்சம் அதிகமாக எடுத்து, அதே தாளத்தில் அடியுங்கள். வெடுக்கென்று இடித்தால் பந்து ஆரம்பத்திலேயே துள்ளிக் கோட்டை விட்டு விலகும். இன்னொன்றையும் கவனியுங்கள், குழியை ஒட்டிய ஓர் அடி வட்டத்தில் யாரும் கால் வைப்பதில்லை, அதைச் சுற்றி எல்லோரும் மிதிக்கிறார்கள். அதனால் குழியைச் சுற்றி ஒரு சின்ன மேடு உருவாகியிருக்கும், தளர்ந்துபோய் வரும் பந்தை அது பக்கத்தில் தள்ளிவிடும். குழியைத் தாண்டி ஒன்றரை அடி போகிற வேகம் கொடுத்தால் பந்து அந்த மேட்டை ஏறிக் கடக்கும். அப்படியும் நல்ல புட் சில துள்ளி வெளியே போகும், அதற்காக உங்கள் ஸ்ட்ரோக்கை மாற்ற ஆரம்பிக்காதீர்கள்.

புட் போகும் பாதையில் பந்து விழுந்த குழி, ஷூ கிழித்த தடம், விலங்குகள் கிளறிய இடம் இவற்றைச் சரிசெய்ய 2019 விதிகள் அனுமதிக்கின்றன. காற்றோட்டத்துக்காக ஊழியர்கள் போட்ட துளைகளையும், களையையும், புல் செத்துப்போன திட்டுகளையும் தொடக் கூடாது. பந்துக் குழியைச் சரிசெய்யும்போது அடிமண்ணை நெம்பித் தூக்கினால் வேர் அறுந்து அந்த இடம் பழுப்பாகிவிடும், ஓரங்களை நடுவை நோக்கித் தள்ளிவிட்டு புட்டரால் தட்டினால் போதும். உங்களுடையதோடு இன்னும் இரண்டைச் சரிசெய்துவிட்டுப் போனால் அடுத்த வாரம் அதே கிரீனில் ஆடப்போகிற உங்களுக்கே நல்லது.

இலவச நிவாரணம் எங்கே உண்டு என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், இத்தகைய மைதானத்தில் அடிக்கடி தேவைப்படும். தேங்கிய மழைநீர், விலங்கு தோண்டிய வளை, அப்புறம் எடுத்துப்போவதற்காகக் குவித்து வைத்த வெட்டிய புல், பழுது என்று குறியிட்ட பகுதி இவையெல்லாம் அதில் சேரும். அருகிலுள்ள தடையில்லாத இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒரு கிளப் நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல் டிராப் செய்யலாம். குறியிடாத வெறும் மொட்டைத் திட்டுக்கு எதுவும் கிடையாது. ஃபேர்வேயில் பந்தை எடுத்துத் துடைத்து நல்ல இடத்தில் வைக்கும் சலுகையும் மைதானக் குழு உள்ளூர் விதியாக அறிவித்திருந்தால் மட்டும்தான். நண்பர்களோடு சும்மா ஆடும்போது உங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளலாம், ஆனால் முதல் டீயிலேயே பேசிவிடுங்கள், பந்து பள்ளத்தில் கிடக்கும்போது பேசினால் சண்டைதான் வரும்.

நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் காலை ஆட்டத்தை எடுங்கள். பனி ஈரம் பந்தைக் கொஞ்சம் மெதுவாக்கும், ஆனால் கிரீனில் அதிகம் பேர் மிதித்திருக்க மாட்டார்கள், பங்கரிலும் தடங்கள் குறைவு. பிற்பகலில்தான் ஆட முடியும் என்றால் பயிற்சி கிரீனை வைத்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள், அது மைதானத்தின் மற்ற கிரீன்களைப் போல இருக்க வேண்டிய அவசியமில்லை. முதல் இரண்டு குழிகளில் உங்களோடு ஆடுபவர்களின் புட்டுகளையும் சேர்த்துக் கவனித்து அன்றைய வேகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.