மழைநீர் வடிகால் வரைபடம்: அனுமதிக்குக் கொடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் மனைப்பிரிவுகளுக்கும் மழைநீர் வடிகால் வரைபடம் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். பிறர் தயாரித்ததைச் சரிபார்த்துத் தரும் வேலையும் இப்போது வருகிறது. புதிதாக இத்துறைக்கு வந்த பொறியாளர்கள் அனுப்பும் கோப்புகளைத் திறந்தால், எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த அதே பிழைகள் வரிசை மாறாமல் இருக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வடதிசைக் குறி இல்லை, அளவுகோல் தவறு, கையொப்பம் விடுபட்டது போன்றவற்றைப் பற்றிப் பேசப் போவதில்லை. அவை ஒரே நாளில் திருத்தக்கூடியவை. பணத்தையும் மாதங்களையும் விழுங்கும் தவறுகள் வேறு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தன. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் திட்ட அனுமதி கேட்கும்போது, இடத்தைப் பொறுத்து நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் தேவைப்படுகிறது. வெள்ளம் அந்த மனையை என்ன செய்யும், அந்த மனை வெள்ளத்தை என்ன செய்யும் என்ற இரண்டையும் பார்த்துத் தரும் சான்று அது. 2015 டிசம்பரில் ஊர் மூழ்கியதைப் பார்த்தவர்கள் இதை வெறும் காகித வேலை என்று நினைக்க மாட்டார்கள். ஆனால் நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தரையில் வாய்க்கால் தெரியவில்லை என்று வரைபடத்திலும் விட்டுவிடுவது

மனையைப் போய்ப் பார்க்கிறார்கள். முள்செடி, கட்டட இடிபாடு, பக்கத்து வீட்டுச் சுவர். வாய்க்கால் எதுவும் கண்ணில் படவில்லை. "இயற்கை வடிகால் ஏதும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

நீர்வளத் துறை முதலில் எடுத்துப் பார்ப்பது கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு புல எண்ணின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் புலப்படத்தையும், நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டையும்தான். அவற்றில் ஒரு வாய்க்கால் மனையைக் குறுக்கே வெட்டிப் போனால், தரையில் அது தூர்ந்துபோயிருந்தாலும் அரசின் பார்வையில் அது வாய்க்கால் புறம்போக்குதான். தென் சென்னைப் புறநகரில் இது அடிக்கடி நடக்கிறது. கீழ்க்கட்டளை, நாராயணபுரம் போன்ற ஏரிகளின் உபரிநீர் ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகும் நிலம் அது. ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கலிலிருந்து கிளம்பிய தண்ணீருக்குப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது தெரியாது. பழைய தடத்தில்தான் வரும்.

புலப்படம் வாங்காமல் எந்த மனைக்கும் கோடு போடத் தொடங்காதீர்கள். நகர நில அளவைப் பதிவேடு இருக்கும் பகுதி என்றால் அதையும், அதற்கு முந்தைய கிராமப் புல எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். மனைக்குள் மட்டும் பார்த்தால் போதாது. மேலே இரண்டு புலம், கீழே இரண்டு புலம் பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

கடல் மட்டத்தோடு தொடர்பில்லாத மட்டங்கள்

எனக்கு இன்றும் கோபம் வரவழைக்கும் தவறு இது. எத்தனை முறை சொன்னாலும் அடுத்த கோப்பிலும் வருகிறது.

வழக்கமாக நடப்பது இதுதான். நில அளவையர் மனைக்கு வருகிறார். வாயிலருகே மின்கம்பத்தின் அடித்தளத்திலோ சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரிலோ ஒரு புள்ளியைக் குறித்து, அதன் மட்டம் 100.000 என்று தானே வைத்துக்கொள்கிறார். மற்ற எல்லா மட்டங்களும் அதிலிருந்து எடுக்கப்படுகின்றன. கட்டடம் கட்ட அது போதும். தூணுக்கும் தளத்துக்கும் இடையே உள்ள உயரம்தானே வேண்டும். ஆனால் வெள்ளத்துக்கு அந்த 100.000 எதுவும் சொல்லாது. நீர்வளத் துறை தன் சான்றில், மனையைக் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரத்துக்கு நிரப்பு, தரைத்தளத்தை இத்தனை மீட்டரில் வை என்றுதான் எழுதும். அந்த எண்ணை உங்கள் வரைபடத்தின் எந்த எண்ணோடும் ஒப்பிட முடியாது.

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய பகுதியில் இரண்டு ஏக்கர் மனை ஒன்று. தரைத்தளத்தில் வாகன நிறுத்தம், மேலே குடியிருப்புகள். கோப்பு என்னிடம் வந்தபோது கட்டமைப்பு வரைபடங்கள் முடிந்திருந்தன. விற்பனைக்கான படங்கள் அச்சாகியிருந்தன. வடிகால் வரைபடத்தில் எல்லா மட்டங்களும் மின்கம்பத்து 100.000-இலிருந்து எடுக்கப்பட்டவை. மனையின் தரையைச் சாலை மட்டத்துக்குச் சமமாக வைத்திருந்தார்கள். மனையின் பின்பக்கத்திலிருந்து சாலை வரை வடிகால் 120 மீட்டர் ஓடுகிறது. 300-க்கு 1 என்ற சரிவில் அது 40 சென்டிமீட்டர் இறங்கும். தொடக்கத்தில் 45 சென்டிமீட்டர் ஆழம் என்றால், சாலையைத் தொடும் இடத்தில் ஆழம் 85 சென்டிமீட்டர். சாலையோரத்து வடிகாலின் ஆழம் 1.20 மீட்டர் என்று போட்டிருந்தார்கள். காகிதத்தில் தண்ணீர் அழகாக இறங்கியது.

அந்த 1.20 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வேறொரு திட்டத்தின் மாதிரி வெட்டுத் தோற்றத்திலிருந்து எடுத்தது. யாரும் வடிகாலின் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. முறையாகக் கேட்டு, திறந்து, வண்டலை அகற்றி அளந்தபோது அதன் அடிமட்டம் சாலையிலிருந்து 70 சென்டிமீட்டர் ஆழத்தில்தான் இருந்தது. அதாவது மனையின் வடிகால், போய்ச் சேர வேண்டிய வடிகாலின் அடியைவிட 15 சென்டிமீட்டர் கீழே போய் முட்டுகிறது. மழை பெய்தால் சாலைத் தண்ணீர்தான் மனைக்குள் வரும்.

பிறகு நீர்வளத் துறையின் சான்று வந்தது. சர்வே ஆஃப் இந்தியா கடல் மட்டத்திலிருந்து உயரம் கணித்து வைத்திருக்கும் நிலையான மட்டக்குறி ஒன்றிலிருந்து மட்டத்தைக் கொண்டுவந்து ஒப்பிட்டபோது, மனையை ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும் என்று தெரிந்தது. உயர்த்தினால் வடிகால் தானாகச் சரியாகிவிடும். ஆனால் மற்றதெல்லாம்? இரண்டு ஏக்கரை அந்த உயரத்துக்கு நிரப்ப 5,600 கனமீட்டருக்கு மேல் மண் வேண்டும். லாரிக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 2,000 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). மண்ணை இறுக்கும்போது இன்னும் கூடும். சுற்றுச்சுவர் இனி வெறும் சுவர் இல்லை, மண்ணைத் தாங்கும் சுவர். வாயிலில் 10-க்கு 1 என்ற சாய்தளம் போட்டால் 7 மீட்டர் வேண்டும். தீயணைப்பு வண்டி திரும்ப ஒதுக்கிய இடத்தை அது தின்றது. கட்டமைப்பு வரைபடங்கள் மீண்டும் முதலிலிருந்து. அந்த மண்ணின் விலையும் சுவரின் விலையும் நிலம் வாங்கும்போது யார் கணக்கிலும் இல்லை. இருந்திருந்தால் நிலத்தின் விலையையே வேறு விதமாகப் பேசியிருப்பார்கள்.

கடல் மட்டத்தைச் சார்ந்த மட்டத்தை மனைக்குக் கொண்டுவருவது பெரும்பாலான இடங்களில் ஒரு நாள் வேலைதான். அந்த ஒரு நாளைச் சேமிக்கப் போய் இத்தனையும். என் எரிச்சல் அதில்தான்.

இதோடு சேர்ந்த மூன்று எச்சரிக்கைகள். சாலையின் மேற்பரப்பை நிலையான புள்ளியாக வைக்காதீர்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு உயர்ந்த சாலைகள் நம் ஊரில் ஏராளம். இரண்டாவது, செயற்கைக்கோள் கருவி காட்டும் உயரத்தை அப்படியே எழுதாதீர்கள். அது கணக்கீட்டுக்காக வைத்துக்கொண்ட ஒரு நீள்கோளத்திலிருந்து அளக்கப்படும் உயரம். கடல் மட்ட உயரம் அன்று. சென்னையில் இரண்டுக்கும் இடையே 80 மீட்டருக்கு மேல் வேறுபாடு உண்டு. மென்பொருள் அதைத் திருத்தித் தரும், ஆனால் அந்தத் திருத்தத்தில் சில பத்து சென்டிமீட்டர் பிழை இருக்கலாம். 15 சென்டிமீட்டரில் முடிவு மாறும் இடத்தில் அதை நம்ப முடியாது. மட்டம் பார்க்கும் கருவியான ஆட்டோ லெவல் வைத்து, புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வந்து மட்டத்தைச் சரிபாருங்கள்.

மூன்றாவதுதான் பலர் யோசிக்காதது. சாலையோர வடிகாலின் அடிமட்டம் சரியாக இருந்தாலும், நல்ல மழையில் அது காலியாக இருக்காது. சென்னை தட்டையான ஊர். பள்ளிக்கரணைத் தண்ணீர் ஒக்கியம் மடுவு என்ற கால்வாய் வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், தெற்கே ஓடி, முட்டுக்காட்டில் கடலைச் சேர வேண்டும். கடல் ஏற்றமாக இருந்தால் அந்த வரிசை முழுவதும் மெதுவாகும். அப்போது உங்கள் வாயிலில் உள்ள வடிகால் விளிம்பு வரை நிற்கும். உங்கள் கணக்கு அந்த நிலையில் என்ன சொல்கிறது? பின்னோக்கி வரும் நீரைத் தடுக்கும் மடிப்புக் கதவு எங்கே? அது மூடியிருக்கும்போது மனையில் விழும் மழை எங்கே நிற்கும்? பம்பு வைத்திருக்கிறோம் என்று பதில் வரும். நிரம்பிய வடிகாலுக்குள் பம்பு எதைத் தள்ளும்?

கழிவுநீர்க் குழாயை மழைநீர் வடிகாலில் சேர்ப்பது

வேண்டாம். தற்காலிகமாகக்கூட வேண்டாம்.

சேகரிப்புக் குழிகளை வடிகால் கணக்கில் சேர்ப்பது

மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. நல்ல சட்டம், நிலத்தடி நீருக்கு அது செய்த உதவி பெரியது. ஆனால் அதன் குழிகளை வைத்து வெள்ளத்துக்கு விடை சொல்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் மனையில் ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 6 லட்சம் லிட்டர். வெற்று நிலமாக இருந்தபோது அதில் ஏறத்தாழ 30 விழுக்காடு, 1,80,000 லிட்டர், வெளியே ஓடியது என்று வைத்துக்கொள்வோம். கூரையும் சிமெண்டுத் தரையும் வந்தபின் 80 விழுக்காடு, 4,80,000 லிட்டர் ஓடும். கூடுதலாகத் தெருவுக்கு வருவது 3 லட்சம் லிட்டர். இப்போது குழிக்கு வாருங்கள். ஒரு மீட்டர் விட்டம், மூன்று மீட்டர் ஆழம் உள்ள குழியில் ஜல்லி நிரப்பினால் தண்ணீருக்கு மிஞ்சும் வெற்றிடம் 40 விழுக்காடு அளவே. ஆயிரம் லிட்டர்கூடப் பிடிக்காது. அப்படி 20 குழிகள் போட்டாலும் 3 லட்சத்துக்கு எதிரே 20,000-ஐ எட்டாது.

பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடற்கரை மணலில் குழி தொடர்ந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஓரளவு உதவும். களிமண் பகுதியில் முதல் பத்து நிமிடத்தில் நிரம்பிவிடும். அங்கே களிமண்ணைத் தாண்டி மணல் அடுக்கு வரை போகும் செறிவூட்டுக் கிணறு வேண்டும். வேளச்சேரி, கிண்டிப் பக்கம் பாறை மேலேயே வந்துவிடும். அங்கே கதை மீண்டும் வேறு. மண் பரிசோதனை அறிக்கை கட்டமைப்புப் பொறியாளரிடம் ஏற்கெனவே இருக்கும். அதைக் கேட்டு வாங்கி வடிகால் அறிக்கையோடு இணையுங்கள். திருவான்மியூரில் வரைந்த குழியை அண்ணா நகர் வரைபடத்தில் நகலெடுத்து ஒட்டியிருப்பதைப் பார்க்கும்போது, மண்ணைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை என்பது சரிபார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

வெள்ளத்துக்கு விடை தேக்கத் தொட்டிதான்: மழையின் உச்ச நேரத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்து, பிறகு மெதுவாக விடும் தொட்டி. சேகரிப்பு வேறு, தேக்கம் வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு காட்டுங்கள்.

இன்னொன்று. மழை அளவை "ஒரு நாளில் 200 மில்லிமீட்டர்" என்று எடுத்து 24-ஆல் வகுத்துவிடாதீர்கள். மணிக்கு 8 மில்லிமீட்டர் என்று வரும். எந்த வடிகாலும் அதற்குப் போதும். வடிகாலைத் தோற்கடிப்பது உச்ச மணி நேரம்.

பக்கத்து மனையின் தண்ணீரைச் சுவர் வைத்துத் தடுப்பது

மேலே இருப்பவரின் தண்ணீருக்கு உங்கள் எல்லையோரம் வழி விடுங்கள். விடாவிட்டால் அவர் ஆட்சேபணை தெரிவிப்பார். அதில் நியாயம் அவர் பக்கம்.

குறைகளைக் கேட்ட கடிதத்துக்குப் பாதிப் பதில்

துறை ஏழு விளக்கங்கள் கேட்டால் எளிதான நான்குக்குப் பதில் கொடுத்து, "மற்றவை பின்னர்" என்று அனுப்புகிறார்கள். கோப்பு மீண்டும் வரிசையின் கடைசிக்குப் போகிறது. ஏழுக்கும் ஒரே முறையில், அவர்கள் கேட்ட அதே வரிசையில், எந்தத் தாளில் எந்த இடத்தில் திருத்தியிருக்கிறோம் என்று குறிப்பிட்டுக் கொடுங்கள். ஒரு மட்டத்தை மாற்றினால் தளப் படம், வெட்டுத் தோற்றம், வடிகாலின் நீள வெட்டு, கணக்குத் தாள் நான்கிலும் மாற்றுங்கள். ஒன்றில் 3.85, இன்னொன்றில் 3.65 என்று இருந்தால் பார்ப்பவர் எல்லாவற்றையும் சந்தேகிப்பார். அது அவர் கடமை.

அனுமதி வந்ததும் வரைபடத்தை மறந்துவிடுவது

வடிகால் எப்போதும் கடைசியில்தான் கட்டப்படுகிறது. அதற்குள் அந்த எல்லையோரத்தில் ஜெனரேட்டர் வந்திருக்கும், மின்மாற்றி வந்திருக்கும், தோட்டக்காரர் மண் மேடு போட்டிருப்பார். பணி முடிப்புச் சான்றுக்கு ஆய்வு வரும்போது வரைபடத்தில் நேராக ஓடும் வடிகால் தரையில் மூன்று இடங்களில் வளைந்து நிற்கும்; சரிவு போயிருக்கும். அடித்தளம் தோண்டும்போதே வடிகாலின் கடைசித் தொட்டியைக் கட்டி, அதன் அடிமட்டத்தைச் சுவரில் வண்ணத்தில் எழுதிவிடச் சொல்கிறேன். பிறகு வரும் ஒவ்வொரு ஒப்பந்தக்காரரும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் தன் குழாயைப் போட வேண்டும்.