மணாலி–லே சாலையில் டீசல் ஃபில்டர் அடைத்தால்: முதலில் பாட்டில், அப்புறம் ஸ்பேனர்

மணாலியிலிருந்து லே போகும் வழியில் தண்டி என்ற ஊரில் ஒரு பெட்ரோல் பங்க் வரும். அடுத்த பங்க் 365 கி.மீ. என்று எச்சரிக்கும் அதன் பலகை பயணிகளிடையே பிரபலம். அதனால்தான் கேனில் டீசல் கொண்டுபோகிறார்கள். பற்றாதவர்கள் வழியில் டிரம்மிலிருந்து வாங்குகிறார்கள். தண்ணீரும் துருவும் சேர வசதியான இடங்களும் இவைதான். காமன் ரெயில் இன்ஜின், அதாவது டீசலை ஒரே குழாயில் அதிக அழுத்தத்தில் தேக்கிப் பீய்ச்சும் இன்ஜின், அதன் ஹை பிரஷர் பம்புக்கு டீசலே மசகு. அதில் தண்ணீர் போனால் பம்பும் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் தேயும், செலவு லட்சத்தைத் தொடும்.

கம்பெனி ஃபில்டர் இரண்டு, ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), தெளிவான ஒரு லிட்டர் பாட்டில், இரண்டடி டியூப், கையுறை, நூல் உதிராத துணி, வலை வைத்த புனல் கட்டாயம் இருக்கட்டும்.

ஃபில்டர்தானா?

5,000 மீட்டர் உயரத்துக்கு மேல் எந்த வண்டிக்கும் மூச்சு வாங்கும். காற்றுக் குறைவால் இழுவை ஏற ஏற மெல்லக் குறையும். பழைய வண்டிகளில் கரும்புகையும் வரும். ஃபில்டர் அடைத்தால் ஐடிலிங் நன்றாக இருக்கும், ஏற்றத்தில் மிதித்ததும் வெட்டும், புகை வராது.

நின்ற வண்டி பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஓடி, கொஞ்ச தூரத்தில் மறுபடி நிற்கிறதா? கோளாறு பெரும்பாலும் டேங்குக்குள். உறிஞ்சுகுழாய் சல்லடையில் குப்பை ஒட்டுகிறது. இன்ஜின் நின்றதும் உதிர்ந்துவிடுகிறது. இதற்கு ஃபில்டர் மாற்றினால் கையிலிருக்கும் ஒன்று வீண்.

வடித்துப் பாருங்கள்

இன்ஜினை அணைத்து ஆறவிடுங்கள். ஃபில்டரைச் சுற்றியுள்ள புழுதியைத் துடைத்துவிட்டு, அதன் அடியிலுள்ள டிரெயின் திருகில் டியூபை மாட்டி இரண்டு சுற்று தளர்த்தி 200 மி.லி. பிடியுங்கள். வரவில்லையென்றால் பிரைமரை (கையால் டீசலை ஏற்றும் சின்ன பம்ப்) அமுக்குங்கள். திருகு பிளாஸ்டிக் என்றால் கையால் மட்டும் இறுக்குங்கள், ஸ்பேனர் போட்டால் உடையும்.

பாட்டிலைப் பத்து நிமிடம் அசைக்காமல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் கோடு கிழித்தது போல் தனியாக நிற்பது தண்ணீர். சுத்தமான டீசல் வரும்வரை வடித்தால் பெரும்பாலும் போதும். அரை லிட்டர் வடித்தும் தண்ணீர் நிற்கவில்லையென்றால் டேங்கே கெட்டிருக்கிறது. ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துப் போங்கள். பழுப்புத் துகள் துரு: ஃபில்டரை மாற்றுங்கள். கருப்பாக, வழவழவென்று இருப்பது தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்க் கசடு. புது ஃபில்டர் லே வரை தாங்கலாம், ஆனால் டேங்கைக் கழுவாமல் தீராது.

விடியற்காலைக் குளிரில் டீசல் பால் போலக் கலங்கியிருந்தால் அது மெழுகாக இருக்கலாம். வெந்நீரில் நனைத்த துணியை ஃபில்டரில் சுற்றி, வெயில் ஏறும்வரை பொறுங்கள். டேங்குக்கு அடியில் தீ மூட்டும் லாரிக்காரர் வைத்தியம் வேண்டவே வேண்டாம், மண்ணெண்ணெய் கலப்பதும் வேண்டாம். குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு, −33 டிகிரி வரை உறையாத டீசல் 2019 முதல் லடாக்கில் கிடைக்கிறது.

மாற்றும்போது

வாட்டர் சென்சார் பழைய ஃபில்டரின் அடியில் இருந்தால் கழற்றிப் புதியதில் மாட்டுங்கள். அதையும் சேர்த்துத் தூக்கிப்போடுகிறவர்கள் உண்டு. புது ஓ-ரிங்கில் டீசல் தடவுங்கள். ஃபில்டரின் நடு ஓட்டையில் டீசல் ஊற்றி நிரப்பாதீர்கள்: பல ஃபில்டர்களில் அது வடிகட்டிய பக்கம், கேனின் குப்பை நேராக பம்புக்குப் போகும். காலியாகவே மாட்டி, பிரைமர் கல்லாக இறுகும்வரை அமுக்குங்கள். எலெக்ட்ரிக் பம்ப் உள்ள வண்டியில் சாவியைப் பத்து விநாடி ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள், ஐந்து முறை. பிறகு ஸ்டார்ட்டரைப் பத்து விநாடிக்கு மேல் சுற்றாமல், இடையில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள். காற்று எடுக்கிறேன் என்று இன்ஜெக்டர் பைப்பை மட்டும் தளர்த்தாதீர்கள். 1,000 பாரை (பார் என்பது அழுத்த அளவு) தாண்டும் அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

வடித்த டீசலைச் சாலையோரம் கொட்டாமல் கேனில் மூடி ஊர்வரை எடுத்துப் போங்கள். கெட்ட டீசல் பங்கில் போட்டதென்றால் அந்தப் பாட்டிலையும் பில்லையும் புகாருக்குப் பத்திரப்படுத்துங்கள்.